வெளியே பார்த்து நின்ற வேன்

போன கிழமையும் ஒரு தாய் அதைத்தான் கேட்டார். வாகரைப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட மண்டபம். கதைத்துக் கதைத்துத் தொண்டை வறண்டு நான் ஒரு கதிரையில் உட்கார்ந்திருந்தேன். மடியில் விண்ணப்பப் படிவங்கள். பக்கத்தில் வந்து நின்றவர் படிவத்தைப் பார்க்கவில்லை, வாசலைப் பார்த்தார்.

"அந்த வேன்கார ஐயா வரல்லையா மிஸ்?"

"இல்லை. அவர் இப்ப எங்களோட இல்லை."

"ஏன் மிஸ்?"

இந்த 'ஏன்' வந்ததும் நான் வழக்கமாகத் தண்ணீர்ப் போத்தலைத் தேடுவேன். நாலு வருடமாக இப்படித் தேடிக்கொண்டிருக்கிறேன். எந்தக் கிராமத்துக்குப் போனாலும் யாராவது ஒரு தாய் அவரைக் கேட்பார். என்னை ஒருவரும் கேட்பதில்லை. நான்தான் கண்முன்னால் நிற்கிறேனே, பிறகென்ன கேட்க இருக்கிறது.

கொழும்பில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் சுகாதார விஞ்ஞான பீடத்தில் எனக்கு வேலை. கிழக்குக் கரையோரத்தில் தமிழ் பேசும் வேடர் கிராமங்கள் இருக்கின்றன. ஆதிவாசிகள் என்றால் காட்டுக்குள் வில்லோடு நிற்பவர்கள் என்று கொழும்பில் நினைக்கிறார்கள். இவர்கள் கடலில் மீன் பிடிப்பவர்கள், காடு வெட்டிச் சேனைப் பயிர் செய்பவர்கள், எங்களைப் போலவே கைத்தொலைபேசிக்கு ரீலோட் போடுபவர்கள். அங்கிருந்து உயர்தரம் படித்த பிள்ளைகளைத் தேடிப் பிடித்து, தாதியத்திலோ இயன்மருத்துவத்திலோ ஆய்வுகூடப் படிப்பிலோ சேர்த்து, இடையில் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். படிப்பும் விடுதியும் இலவசம். வெளிநாட்டிலிருந்து யாரோ கொடுக்கிறார்கள். கேட்க நல்லாகத்தான் இருக்கும். செய்து பார்த்தால் தெரியும். கிழமையில் மூன்று நாள் அறிக்கை எழுதுவேன், ஒரு நாள் அந்த அறிக்கையை ஏன் அப்படி எழுதினேன் என்று கூட்டத்தில் விளக்குவேன். மிச்சமிருக்கிற ஒரு நாள்தான் பிள்ளைகளுக்கு. எனக்கு நாற்பத்தொன்பது வயது. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்க ஒழுங்கை ஒன்றில் மூன்றாம் மாடியில் இருக்கிறேன், லிஃப்ட் இல்லை. களைப்பு என்றால் என்னவென்று யாரும் எனக்குச் சொல்லித்தரத் தேவையில்லை.

அவர் எங்கள் பீடத்து வேன் சாரதி. பெயரை எழுதப் போவதில்லை. எழுதுகிற உரிமையை நானே கெடுத்துக்கொண்டேன். பிள்ளைகள் அவரை அங்கிள் என்றார்கள், நான் அண்ணா என்றேன். கொட்டாஞ்சேனை ஆள். தகப்பன் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். கட்டையான உருவம், ஐம்பத்தெட்டு வயது, எந்த நேரமும் கஞ்சி போட்டு அழுத்திய அரைக்கைச் சட்டை. வழியில் பொலிஸ் மறித்தால் "மொகத மல்லி" என்று, 'என்ன தம்பி' என்பதைச் சிங்களத்தில் சொல்லித் தொடங்கி இறங்கிப் போவார். திரும்பி வரும்போது அந்தப் பொலிஸ்காரனின் மாமியாருக்கு முழங்கால் வருத்தம் என்பதுவரை தெரிந்துகொண்டு வருவார். "மிஸ், முழங்காலுக்கு எங்கட கெம்பஸ்ல ஏதும் இருக்கா?" என்று என்னிடம் விசாரணை வேறு.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. எங்கே போனாலும் முதலில் வேனைத் திருப்புவார். முன்பக்கம் வெளியே பார்க்க நிறுத்திவிட்டுத்தான் எஞ்சினை அணைப்பார். வெயிலில் எட்டு மணித்தியாலம் ஓடி வந்து, எல்லாருக்கும் கால் விறைத்து, எப்போது இறங்குவோம் என்று இருக்கிற நேரத்தில் இவர் மணலுக்குள் முன்னும் பின்னுமாக ஏழு தரம் திருப்பிக்கொண்டிருப்பார்.

"இறங்கினாப் பிறகு திருப்பக்கூடாதா அண்ணா?" என்று கத்துவேன்.

"பிறகு எண்டா பிந்திப்போகும் மிஸ். வந்த உடன போற பக்கம் பாத்து வச்சிர வேணும்."

நான் அதை ஒரு சாரதியின் விசர்க்குணம் என்றுதான் நினைத்தேன்.

முதல் பயணத்துக்கு நான் புரொஜெக்டர் கொண்டுபோனேன். வெள்ளைக் கோட் போட்ட பிள்ளைகள் பல் தெரியச் சிரிக்கிற துண்டுப்பிரசுரமும் இருந்தது. மண்டபத்தில் ஒரு மணித்தியாலம் பேசினேன். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் மாணவர்களும் அதிபரும் மட்டுந்தான். தாய் தகப்பன்மார் ஒருவர்கூட உள்ளே வரவில்லை. வெளியே வேப்ப மரத்தடியில் வேனைச் சுற்றி நின்றார்கள். நான் வேர்த்து விறுவிறுத்து வெளியே வரும்போது ஒரு தாய் அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அங்க புள்ளைக்கு ஒண்டு நடந்தா ஆரு கொண்டந்து விடுற?"

எனக்கு அந்தக் கேள்வியே பிடிக்கவில்லை. காப்புறுதி இருக்கிறது, விடுதிக்கு மேற்பார்வையாளர் இருக்கிறார், பக்கத்திலேயே ஆஸ்பத்திரி இருக்கிறது. அதற்கென்றே என்னிடம் ஒரு படம் இருந்தது. நான் வாயைத் திறக்க முன் அவர் சொல்லிவிட்டார்.

"நான்தானே கூட்டிட்டுப் போறன். நான்தான் கொண்டு வருவன். ஏதும் நடந்தாலும் கொண்டு வருவன், நடக்காட்டியும் கொண்டு வருவன். படிச்சாலும் கொண்டு வருவன், படிக்காட்டியும் கொண்டு வருவன்."

"படிக்காட்டியுமா?" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

அவர் என் பக்கம் திரும்பவில்லை. பிஸ்கட் பெட்டி மட்டையைக் கிழித்து அதில் தன் தொலைபேசி எண்ணை எழுதி அந்தத் தாயிடம் கொடுத்தார். அவர் அதை வாங்கிச் சட்டைக்குள் செருகிக்கொண்டார். அன்றைக்கு ஐந்து பிள்ளைகள் பெயர் கொடுத்தார்கள். என் துண்டுப்பிரசுரங்களில் பாதி வேப்ப மரத்தடியில் கிடந்தன. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஹபரணை தாண்டும்வரை நான் அவரோடு ஒரு சொல் கதைக்கவில்லை.

அந்த ஐந்து பேரின் பெயரையும் அவர் ஒரு சின்னக் கொப்பியில் எழுதி வைத்திருந்தார். சட்டைப் பையில் எப்போதும் இருக்கும். பிள்ளையை ஊரில் கொண்டுபோய் ஒரேயடியாக விட்ட பிறகு பெயருக்குப் பக்கத்தில் ஒரு சரி அடையாளம் போடுவார். அவ்வளவுதான் கணக்கு.

முதல் சரி ஒரு பையனுக்குப் போட்டார். இயன்மருத்துவம் படிக்க வந்தவன். உடற்கூற்று வகுப்பில் மேசையில் கிடத்தியிருந்த பிரேதத்தைப் பார்த்த நாள் முதல் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. மண்ணுக்குள் போகாமல் கிடக்கிற ஒருவரை வைத்துப் படிப்பதா என்று ஒரே யோசனை. என்னிடம் சொல்லவில்லை. நான் எப்படியும் ஆலோசகரிடம் அனுப்புவேன் என்று அவனுக்குத் தெரியும். அங்கிளிடம் சொல்லியிருக்கிறான். அந்த வெள்ளிக்கிழமையே வேன் புறப்பட்டுவிட்டது. திங்கட்கிழமை நான் குதி குதி என்று குதித்தேன்.

"ரெண்டு கிழமை வச்சிருந்து பாத்திருக்கலாமே அண்ணா! எல்லாப் பிள்ளையளும் முதல்ல அப்பிடித்தான். பிறகு பழகிரும்."

"பழகுற புள்ளை பழகும் மிஸ். இவன் பழகமாட்டான். ஒம்பது நாளா வெறும் பிளேன்டீல இருக்கிறான்."

"அவன்ட எதிர்காலம் என்னாகிறது?"

"ஆள் இருந்தாத்தானே எதிர்காலம்."

அந்த வருட அறிக்கையில் நான் அவனை 'இடைவிலகியோர்' என்ற நிரலில் போட்டேன். எங்களுக்கு அது நட்டம். அவருடைய கொப்பியில் அவன் ஒழுங்காக வந்து சேர்ந்த ஆள். இரண்டும் ஒரே பிள்ளைதான். அந்த வித்தியாசம் அப்போது எனக்கு எரிச்சலைத் தவிர வேறொன்றையும் தரவில்லை.

ஆனால் சும்மா சொல்லக்கூடாது, மற்ற நாலு பேரும் நின்றார்கள். ஆங்கிலம் விளங்காமல், விடுதிச் சாப்பாடு பிடிக்காமல், அழுதுகொண்டே நின்றார்கள். அவர்களில் ஒரு பெண் பிள்ளை தாதியம் படித்தாள். மெலிந்த உடம்பு, அகலமான சிரிப்பு, வாய்த்துடுக்கு. விடுதியில் ஒருத்தி "நீங்க எல்லாம் இன்னும் அம்பு வில்லு வச்சிருக்கிறீங்களா?" என்று கேட்டதற்கு, "ஓம், உன்னப் போல கொழுத்த ஆள் வந்தா எடுப்பம்" என்று சொன்னவள். ஒருநாள் அவளிடம் கேட்டேன், நீங்கள் நாலு பேரும் எப்படித் தாக்குப்பிடிக்கிறீர்கள் என்று. அறிக்கைக்கு ஒரு வரி வேண்டியிருந்தது.

"போகலாம் எண்டு தெரிஞ்சா இருக்கலாம் மிஸ்" என்றாள். "அங்கிளுக்குக் கோல் எடுத்தா ஏத்திட்டுப் போவார் தானே. அப்ப நாளைக்குப் பாப்பம், நாளைக்குப் பாப்பம் எண்டு இருந்திருவம்."

நான் அந்த வரியை அறிக்கையில் போடவில்லை. மாதாந்த ஆலோசனை அமர்வுகள் பயனளித்தன என்று போட்டேன்.

ஒரு தரம் பொலன்னறுவைக்குப் பக்கத்தில் தேநீர்க் கடையொன்றில் நிறுத்தினோம். நான் ஏதோ கோபத்தில் இருந்தேன். வழமைபோல. "அண்ணா, நீங்க எங்கட ஆளா, அவையின்ட ஆளா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் கிளாஸை ஆற்றிக்கொண்டே சொன்னார். "எங்கட அக்காவ ஒருத்தன் மிடில் ஈஸ்டுக்குக் கூட்டிட்டுப் போனவன் மிஸ். ஏஜன்ட். வீட்டுக்கு வந்து, அம்மா குடுத்த தேத்தண்ணிய எல்லாம் குடிச்சிட்டு, நல்லாத்தான் கதைச்சவன். அவனிட்டயும் உங்கள மாதிரி வடிவான பேப்பர் இருந்தது. அக்கா வருத்தமா இருக்கிறா எண்டு கடிதம் வந்த நேரம் அம்மா அவனத் தேடிப் போனவ. அவன் இருந்த கந்தோரே இல்ல. அக்கா வரல்ல. பெட்டிதான் வந்தது, அதுவும் ஏழு மாசத்துக்குப் பிறகு."

நான் கிளாஸைக் கீழே வைத்தேன்.

"உங்களச் சொல்லல்ல மிஸ். நீங்க நல்ல வேலைதான் செய்யிறீங்க. ஆனா கூட்டிட்டுப் போறவன் கொண்டு வரவும் வேணும். அத ஆரும் பேப்பர்ல போடுறதில்ல. அதான் நான் செய்யிறன்."

அவர் என்னையும் கொண்டுவந்து விடுவார். பயணம் முடிந்து கொழும்புக்கு வரும்போது பின்னேரம் ஆகிவிடும். மற்றச் சாரதிகள் காலி வீதியில் சந்தியில் இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். இவர் ஒழுங்கைக்குள் வந்து, திருப்பி நிறுத்தி, நான் மூன்று மாடியும் ஏறிப் பல்கனிக்கு வந்து கை காட்டும்வரை கீழே நிற்பார். பின்னால் முச்சக்கரவண்டிக்காரர்கள் ஹோர்ன் அடித்துக் கொல்லுவார்கள். எனக்கு வெட்கமாக இருக்கும். "நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்று எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தேன். "கை காட்டினாச் சரி மிஸ், நான் போயிருவன்" என்பார். கீழ் வீட்டு அன்ரி ஒருநாள் என்னைப் பிடித்து, "ஆர் அது, உம்மட மாமனாரே?" என்று கேட்டார்.

இனி அந்தக் கதையைச் சொல்ல வேண்டும். தள்ளித் தள்ளி இவ்வளவு தூரம் வந்துவிட்டேன்.

டீசலுக்கு ஆட்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்ற காலம். கரண்ட் வெட்டு வேறு. அந்தப் பெண் பிள்ளைக்கு அப்போது இரண்டாம் வருடம். வார்ட் பயிற்சி தொடங்கியிருந்தது. இத்தனை மணித்தியாலம் வார்டில் நிற்காவிட்டால் அந்தத் தவணை போச்சு. அந்த நேரம் பார்த்து அவளுடைய ஊரில் வருடச் சடங்கு வந்தது. செத்துப்போன பெரியவர்கள் ஆட்கள்மேல் இறங்கி வந்து குடும்பத்தோடு கதைக்கிற சடங்கு. முந்திய வருடமும் அவள் போகவில்லை, பரீட்சை என்று நான் மறித்திருந்தேன்.

"இந்த முறை போகாட்டி பாட்டன் வந்து கேப்பார் மிஸ். எங்க அவள் எண்டு கேப்பார். அம்மா என்ன சொல்லுற?"

"பாட்டனுக்கு நீ படிக்கிறது சந்தோஷமாத்தானே இருக்கும்" என்றேன். எவ்வளவு சாமர்த்தியமான பதில்! அவள் சிரிக்கவில்லை. லீவு தர முடியாது என்றேன். ஆலோசகரிடம் ஒரு நேரம் எடுத்துக் கொடுத்தேன்.

அன்று பின்னேரம் ஆறரை மணி இருக்கும். கரண்ட் இல்லை. மூன்று மாடியும் தண்ணீர் வாளியோடு ஏறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறேன். அவர் கோல் எடுத்தார்.

"மிஸ், புள்ள போகவேணும் எண்டு நிக்குது. அழுகை நிக்கல்ல. இந்த மாசப் பயணத்துக்கு வச்ச டீசல் வேன்ல இருக்கு. கூட்டிட்டுப் போய், சடங்கு முடிஞ்ச உடன கூட்டிட்டு வரட்டா? நாலு நாள்."

நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சரி என்றும் சொல்லியிருக்கலாம். இரண்டுக்கும் எனக்குச் சக்தி இல்லை.

"என்னவோ செய்யுங்க அண்ணா. என்னைக் கேக்காதீங்க. நான் களைச்சுப் போனன்."

"சரி மிஸ்" என்றார்.

அவருக்கு அது அனுமதி. எனக்கும் அது அனுமதிதான், தெரியாமலில்லை. விடிய வெள்ளாப்பில் நுகேகொடை விடுதி வாசலில் அவளை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். காவலாளியிடம் "நாலு நாள்ல வருவம்" என்று சொல்லிவிட்டும் போயிருக்கிறார்.

நாலு நாள் போனது. ஐந்தாம் நாள் வரவில்லை. அவருடைய தொலைபேசியும் அவளுடையதும் அணைந்து கிடந்தன. ஆறாம் நாள் பீடாதிபதி என்னைக் கூப்பிட்டு, வேன் எங்கே என்று கேட்டார். உதவி கொடுப்பவர்களுக்கு அறிக்கை அனுப்புகிற கிழமை அது. இன்னொரு பிள்ளையும் இடைவிலகினால் அடுத்த வருடம் இந்தத் திட்டமே இருக்காது என்றார். என் வேலையும் இருக்காது என்று அவர் சொல்லவில்லை, நானே விளங்கிக்கொண்டேன்.

அன்றைக்கு நான் ஒரு கடிதம் எழுதினேன். சாரதி அனுமதியின்றி வாகனத்தை எடுத்துச் சென்றார். மாணவியை ஊருக்குப் போகத் தூண்டினார். முன்பும் ஒரு மாணவன் படிப்பைக் கைவிட அவரே காரணம். இதுபற்றி எனக்கு எதுவும் அறிவிக்கப்படவில்லை. கடைசி வரியை எழுதும்போது கை நடுங்கியது என்று எழுத ஆசையாக இருக்கிறது. நடுங்கவில்லை. ஒரு வேலை முடிந்த ஆறுதல்தான் இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டேன்.

பத்தாம் நாள் காலையில் வேன் வளவுக்குள் வந்தது. வந்ததும் முதலில் திருப்பி நிறுத்தினார். பத்து நாள் தாடி, அந்தக் கஞ்சி போட்ட சட்டை கசங்கிக் கறுத்துப்போயிருந்தது. வாழைச்சேனையில் மூன்று நாள், பொலன்னறுவையில் இரண்டு நாள் டீசல் வரிசையில் நின்றிருக்கிறார்கள். ஃபோன் சார்ஜ் போட வழி இல்லை. வரிசையில் நின்ற நேரம் முழுக்க அவள் வேனுக்குள் இருந்து படித்தாளாம், இவர் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்டாராம்.

"அங்கிளுக்கு இப்ப பிரஷர் பாக்கத் தெரியும் மிஸ்" என்றாள் அவள். முகம் தெளிவாக இருந்தது. "பாட்டன் கேட்டவர். நான் முன்னுக்குப் போய் நிண்டன். படி எண்டு சொன்னவர்."

அவர் கொப்பியைத் தொடவில்லை. அவள் இன்னும் ஊருக்கு ஒரேயடியாகப் போகவில்லையே.

கடிதம் அதற்கு முன்னமே போய்விட்டது. திருப்பி எடுத்திருக்கலாமா என்று கேட்பீர்கள். எடுத்திருக்கலாம். பீடாதிபதியின் அறைக்குப் போய், ஐயா, அவர் என்னிடம் கேட்டவர், நான்தான் பொய் எழுதினேன் என்று சொன்னால் போதும். இருபது அடி தூரம். நான் போகவில்லை.

விசாரணைக்கு மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நானும் ஒரு ஓரத்தில் இருந்தேன். பீடாதிபதி சிங்களத்தில் கேட்டார், யாரிடமாவது அனுமதி கேட்டீர்களா என்று. அவர் என்னைப் பார்த்தார். நீண்ட நேரம் இல்லை, பொலிஸ்காரன் மறிக்கும்போது கண்ணாடியில் பின்னால் இருக்கிற எங்களை ஒருமுறை பார்ப்பாரே, அவ்வளவுதான்.

"நே சேர்" என்றார். "யாரிடமும் கேட்கவில்லை. என் பாட்டில்தான் போனேன்."

ஒப்பந்தச் சாரதிதானே. மாதக் கடைசியோடு வேண்டாம் என்றார்கள்.

கடைசி நாள் பின்னேரம் நான் பஸ்ஸில் போக நினைத்து வாசலுக்கு வந்தேன். வேன் வெளியே பார்த்தபடி நின்றது. "ஏறுங்க மிஸ்" என்றார். ஏறினேன். வெள்ளவத்தைக்கு வந்து, ஒழுங்கைக்குள் திருப்பி நிறுத்தினார். நான் இறங்கி மூன்று மாடியும் ஏறி, கதவைப் பூட்டி, திரைச்சீலைக்குப் பின்னால் நின்றேன். பல்கனிக்குப் போக என் கால் வரவில்லை. எந்த முகத்தோடு கை காட்டுவது? கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய்விடுவார் என்று நினைத்தேன். முச்சக்கரவண்டிக்காரர்கள் ஹோர்ன் அடித்தார்கள், அவர் கையை வெளியே நீட்டிச் சுற்றிப் போகச் சொன்னார். பத்து நிமிடம். இருபது நிமிடம். கீழ் வீட்டு அன்ரி வெளியே வந்து அவரிடம் ஏதோ கேட்டார். அவர் மேலே காட்டினார். அரை மணித்தியாலத்துக்கு மேல் போன பிறகு நான் வெளியே வந்து கையைத் தூக்கினேன். அவர் ஒருமுறை ஹோர்ன் அடித்துவிட்டுப் போனார். நான் அங்கேயே நிலத்தில் குந்தியிருந்து அழுதேன். அழுது என்ன, அப்போதும் பீடாதிபதியின் அறைக்கு நான் போகவில்லை.

அந்தப் பிள்ளை படித்து முடித்தாள். குறைந்த மணித்தியாலங்களை ஞாயிற்றுக்கிழமைகளில் வார்டில் நின்று நிரப்பினாள். பட்டமளிப்பு அன்று தாயும் மகளும் எப்படி ஊருக்குப் போவார்கள் என்று நான் யோசிக்கவே இல்லை. அடுத்த நாள் கோல் எடுத்தாள்.

"வந்து சேந்திட்டம் மிஸ். அங்கிள்தான் கொண்டந்து விட்டவர். ஸ்கூல் வேன் ஒண்டு எடுத்திட்டு வந்து கெம்பஸ் கேட்டடியில நிண்டவர். கொப்பியில என்ட பேருக்கும் சரி போட்டாச்சு."

கேட்டடியில்தான் நின்றிருக்கிறார். நான் உள்ளே விருந்தினருக்குக் கேக் வெட்டிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு நாலைந்து கிராமங்களுக்குப் போய்விட்டேன். புதுச் சாரதி நல்ல பையன், நேரத்துக்கு வருவான், வேனை எப்படி நிறுத்தினாலும் அவனுக்குச் சரி. பெயர் கொடுக்கிறவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். வருகிறவர்களும் ஒரு தவணையோடு சத்தமில்லாமல் பஸ் ஏறிப் போய்விடுகிறார்கள். கூட்டங்களில் காரணம் கேட்கிறார்கள். மொழிப் பிரச்சினை என்கிறேன், பொருளாதார நிலை என்கிறேன். எழுதுகிறார்கள்.

போன கிழமை அந்தத் தாய் "ஏன் மிஸ்?" என்று கேட்டபோது தண்ணீர்ப் போத்தல் வேனில் கிடந்தது. அது கையில் இருந்திருந்தால் இந்தமுறையும் தப்பியிருப்பேனோ என்னவோ.

"அவர் போனதுக்கு நான்தான் காரணம்" என்றேன். "என்னிட்டக் கேட்டுத்தான் ஒரு பிள்ளையை ஊருக்குக் கொண்டு வந்தவர். எனக்குத் தெரியாது எண்டு நான் பொய்க் கடிதம் குடுத்தனான். அவர் என்னைக் காட்டிக் குடுக்கேல்ல. வேலை போயிற்றுது."

முதன்முறையாக வாய்விட்டுச் சொன்னேன். அதுவும் பெயர் தெரியாத ஒரு பெண்ணிடம். அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. மகளைத் திரும்பிப் பார்த்தார். வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு நின்றாள் அவள். மூன்று பாடத்திலும் நல்ல பெறுபேறு, ஆய்வுகூடப் படிப்புக்கு ஆசை, படிவத்தைப் பேனையால் முழுக்க நிரப்பியும் வைத்திருந்தாள். தாய் கையெழுத்து வைக்கிற இடம் மட்டுந்தான் வெறுமையாக இருந்தது. அந்தத் தாய் படிவத்தை இரண்டாக மடித்து என் பைக்குள் வைத்தார்.

"அவரக் கூட்டிட்டு வாங்க மிஸ்" என்றார். "பொறகு நான் புள்ளையத் தாறன்."

இன்றைக்குச் சனிக்கிழமை. காலையில் பீடாதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினேன். நாலு வருடத்துக்கு முன் எழுத வேண்டிய கடிதம், அரைப் பக்கம்கூட வரவில்லை. அதன் பிரதியையும் அந்தப் படிவத்தையும் பையில் வைத்துக்கொண்டு வெள்ளவத்தையில் மட்டக்குளி பஸ் ஏறினேன். கொட்டாஞ்சேனையில் இறங்கி, இரண்டு கடையில் விசாரித்து, ஒழுங்கையைக் கண்டுபிடித்தேன். கண்டுபிடிக்கப் பெரிய பாடு ஒன்றுமில்லை. இத்தனை வருடம் வராமல் இருக்கத்தான் பாடுபட்டிருக்கிறேன்.

ஒழுங்கை முடிவில் ஒரு ஸ்கூல் வேன் வெளியே பார்த்தபடி நின்றது. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் அதைக் கழுவிக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னைக் கண்டதும் குழாயை மூடினார்.

"மிஸ்! பஸ்ஸிலயா வந்தனீங்க?"

"ஓம் அண்ணா."

"தனியவா?"

"ஓம். அண்ணா, நான் உங்களிட்ட ஒரு விஷயம்..." பஸ்ஸில் ஒத்திகை பார்த்து வந்த வசனங்கள் ஒன்றும் வரவில்லை. கையில் கடிதத்தை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் ஈரக் கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு, உள்ளே பார்த்து ஒரு தேத்தண்ணி போடச் சொன்னார். பிறகு கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

"இருங்க மிஸ், ஆறுதலாச் சொல்லுங்க. போகேக்க நான் கொண்டு போய் விடுறன்."